மொஹேர் நூலில் பின்னுவது பாவமா? பாதி சுவெட்டரோடு நிற்கிறேன்

கொடிமல்லி (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் வணக்கம். பின்னல் எனக்கு அம்மா பழக்கியது. யாழ்ப்பாணத்தில் கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அம்மா நுவரெலியாவில் படிப்பித்த காலத்தில் பழகி வந்தது. இங்கே கனடாவுக்கு வந்த பிறகுதான் அதற்கு உண்மையான பயன் கிடைத்தது.

போன மாதம் ஒரு நூல் கடையை மூடப்போகிறார்கள் என்று எல்லாவற்றையும் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். ஏழு உருண்டை வாங்கினேன். 70 சதவீதம் கிட் மொஹேர் என்ற ஆட்டு முடி, 30 சதவீதம் பட்டு, சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல். பின்னுகிறவர்களுக்குத் தெரியும், இதைத் தனியாகப் பின்னுவது குறைவு, மெரினோ என்ற செம்மறிக் கம்பளி நூல் ஒரு இழையோடு சேர்த்துப் பிடித்துப் பின்னினால் துணி முழுக்க ஒரு மெல்லிய புகை படிந்த மாதிரி வரும், பாரமும் இருக்காது, சூடும் தாங்கும். முதுகுப் பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கம் பாதி.

போன ஞாயிறு பெறாமகள் வந்தாள். சுவெட்டரே அவளுக்குத்தான். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். நூலைத் தொட்டுப் பார்த்து "என்ன மென்மை" என்றவள், பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள். "சின்னம்மா, இது முயலை உயிரோடு வைத்துப் பிடுங்குகிற மயிர் எல்லோ?" என்றாள். இல்லை பிள்ளை, இது ஆடு என்றேன். தொலைபேசியில் தேடிக் காட்டினாள். முயல் இல்லை, ஆடுதான், ஆனால் பார்க்க முடியவில்லை. ஒருவன் ஆட்டைக் காலில் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறான், இன்னொருவன் கத்தரித்து முடித்ததைத் தூக்கி எறிகிறான், காயத்தை மயக்க மருந்து இல்லாமல் தைக்கிறார்கள். பழைய வீடியோ என்று அவளே சொன்னாள். இருந்தாலும் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அசைவம் சாப்பிடுகிறவள். பெரிய கொள்கைக்காரி ஒன்றும் இல்லை. ஆனால் ஊசியை எடுத்தால் அந்த ஆடு கத்துகிறது. அந்த வீடியோ உண்மைதானா, அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா, இந்த நூலை வைத்து நான் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழையெடுப்பு

கொடிமல்லி அக்கா, முதலில் முயலை ஆட்டிலிருந்து பிரித்துவிடுவோம். இந்தக் குழப்பம் உங்கள் பெறாமகளுக்கு மட்டும் வந்ததில்லை, நூல் விற்கிறவர்களே மாற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கோரா முயலின் முடிக்குப் பெயர் அங்கோரா. அங்கோரா ஆட்டின் முடிக்குப் பெயர் மொஹேர். அங்கோரா என்பது துருக்கியின் அங்காராவுக்குப் பழைய பெயர், இரண்டு பிராணிக்கும் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டதால் வந்த வினை இது. மொஹேர் என்ற சொல் அரபியில் "தேர்ந்தெடுத்தது" என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது.

முயலைப் பிடுங்கும் வீடியோ 2013 கடைசியில் வந்தது, சீனாவில் எடுத்தது. அது வந்த கையோடு ஹெச் அண்ட் எம் போன்ற பெரிய கடைகள் அங்கோராவை நிறுத்தின. ஆட்டு முடியை யாரும் பிடுங்குவதில்லை, வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். மாதத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் வளரும், ஆறு மாதத்தில் அரைச் சாண் நீளச் சுருள் தொங்கும்.

நீங்கள் பார்த்தது 2018 மே மாதம் பீட்டா ஆசியா என்ற விலங்குரிமை அமைப்பு வெளியிட்டதாகத்தான் இருக்கும். அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் 12 பண்ணைகளில் எடுத்தது. ஏன் தென்னாப்பிரிக்கா என்றால் உலக மொஹேரில் பாதி அங்கிருந்துதான் வருகிறது, ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் காரூ என்ற வறண்ட பிரதேசத்திலிருந்து. போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா) தான் ஏலம், வியாபாரம் எல்லாவற்றுக்கும் தலைமையிடம்.

அந்த ஆடு அங்கே போன கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 1838ல் துருக்கியிலிருந்து 12 கிடாய்களையும் ஒரு பெட்டையையும் கப்பலேற்றினார்கள். வேறு எவனும் இந்த இனத்தைப் பெருக்கிவிடக் கூடாது என்று கிடாய் எல்லாவற்றையும் முன்கூட்டியே மலடாக்கி அனுப்பியிருந்தார்கள். ஆனால் பெட்டை சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழியில் கிடாய்க் குட்டி ஒன்று ஈன்றது. தென்னாப்பிரிக்க மந்தையின் தொடக்கம் அந்தத் தாயும் குட்டியும்தான்.

சரி, விஷயத்துக்கு. வீடியோ வந்த சில நாட்களிலேயே ஹெச் அண்ட் எம், ஜாரா, கேப், டாப்ஷாப் எல்லாம் 2020க்குள் மொஹேரை விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. மொஹேர் சவுத் ஆப்பிரிக்கா என்ற தொழில் அமைப்பு, மொத்தத் தொழிலையும் இதை வைத்து எடை போடாதீர்கள் என்றுதான் வாதாடியது. அதற்குப் பிறகு வந்ததுதான் ஆர்.எம்.எஸ். என்ற சான்றிதழ், டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 2020 மார்ச்சில் கொண்டுவந்தது. அதைப் பற்றி ஏற்றுமதித் துறையில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும், எனக்கு நூல் மட்டும்தான் தெரியும்.

கரிசல்காடு

பீட்டா என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நானும் தமுக்கத்தில் போய் உட்கார்ந்தவன். மாட்டோடு வாழ்கிறவனிடம் மாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் இந்த வீடியோவையும் பொய் என்று நிரூபிக்கும் ஆசையோடுதான் திறந்தேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆடு. இப்போது கன்னி ஆடு நாற்பது உருப்படி நிற்கிறது. அக்கா, முதலில் ஒன்று. வெள்ளாடு கத்துவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குளம்பு சீவப் பிடித்தால் கத்தும், குடற்புழு மருந்து ஊற்ற வாயைத் திறந்தால் கத்தும், ஒன்றுமே செய்யாமல் குட்டியைத் தாயிடமிருந்து பத்தடி தள்ளி நிறுத்தினால் கழுத்தை அறுக்கிற மாதிரி கத்தும். செம்மறி அப்படி இல்லை, அடிபட்டாலும் வாய் திறக்காது. விவரம் தெரியாதவனுக்கு வெள்ளாட்டின் சத்தம் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீடியோ எடுக்கிறவனுக்கு அது தெரியும்.

அதனால் நான் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஆட்டைப் பார்க்காமல் ஆளின் கையை மட்டும் பார்த்தேன்.

கொம்பைப் பிடிப்பது குற்றமில்லை, நாங்களும் பிடிப்போம். கொம்பைப் பிடித்துத் தரையோடு இழுப்பது வேறு. வாலைப் பிடித்து ஆட்டைத் தூக்குகிறான் ஒருவன். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு போய்விடும் என்று எங்கள் ஊரில் எட்டு வயதுப் பையனுக்குத் தெரியும், தூக்கினால் அவன் அப்பா அங்கேயே அறைவார். கத்தரித்த ஆட்டைத் தரை வழுக்கலில் வீசி விடுகிறான், அது காலை ஊன்ற முடியாமல் தடுமாறுகிறது. இதற்கெல்லாம் சாக்கு இல்லை. நாங்களும் கறிக்குத்தான் வளர்க்கிறோம், சந்தைக்கு அனுப்புகிற நாள் வரைக்கும் அது எங்கள் ஆடு.

ஆக, சொன்னவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, சொன்னது நடக்கவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. ஆட்டு முடிதான் அவர்களுக்குச் சோறு, அந்த ஆட்டையே ஏன் இப்படிக் கையாளுகிறார்கள்? சொந்தக்காரன் எங்கே நிற்கிறான்?

ஓவர்லாக்

கரிசல் அண்ணா கேட்டதுக்கு நான் பதில் சொல்லலாமுங்களா. திருப்பூரில் மெர்ச்சன்டைசராகப் பதினாறு வருசம். எங்களுக்கு மொஹேர் வேலை கிடையாது, பருத்திதான், ஆனா பையர்கள், அதாவது சரக்கு வாங்குற வெளிநாட்டுக் கடைக்காரங்க, எல்லாம் அதே ஆளுங்கதான், அவங்க அனுப்புற விலங்கு நலக் கொள்கை எங்க மெயிலுக்கும் வந்து விழும், பட்டனில் கொம்பு இருக்கா, லேபிளில் தோல் இருக்கா என்று கையெழுத்துப் போட்டுத் தரணும்.

சொந்தக்காரன் அங்கே கத்தரிப்பது குறைவுங்க. கத்தரிப்பதற்கென்று குழுக்கள் இருக்கு, பண்ணை பண்ணையாகப் போவாங்க. சம்பளம் மணிக்கணக்கு இல்லை, எத்தனை ஆடு, எவ்வளவு முடி என்ற கணக்கு. எங்க ஊர் பாஷையில் பீஸ் ரேட்டு. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த வீடியோ முழுசும் விளங்கிப் போச்சு. பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்கு ஊசி விரலில் இறங்கினாலும் எழுந்து போகமாட்டார், பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக் கட்டிக்கிட்டு அடுத்த பீஸை எடுப்பார். நேரம் போனா காசு போச்சு. அங்கேயும் அதே அவசரம்தான், ஒரே வித்தியாசம், வெட்டு விழுவது தன் விரலில் இல்லை, ஆட்டின் தோலில். ஆடு துள்ளும், துள்ளுகிற ஆட்டைத் தட்டிக் கொடுத்து அடக்குகிற ரெண்டு நிமிசத்துக்கு எவனும் காசு தர மாட்டான். அதனால் காலைப் பிடித்து அமுக்கு, வேலையை முடி, தள்ளு. மனுசன் கெட்டவனாக இருக்க வேண்டியதே இல்லைங்க.

அப்புறம் ஆர்.எம்.எஸ். பற்றி. ரெஸ்பான்ஸிபிள் மொஹேர் ஸ்டாண்டர்ட். கம்பளிக்கு ஏற்கெனவே 2016லேயே ஆர்.டபிள்யூ.எஸ். என்று ஒன்று வந்தது, அதன் தம்பி மாதிரி இது. தீவனம், தண்ணீர், நோய்க்கு மருந்து, கத்தரிக்கும்போது கையாளும் முறை, லாரியில் ஏற்றுவது, கொல்லும் முறை, மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்காமல் இருப்பது, வேலையாட்கள் நிலைமை, எல்லாமே அதில் இருக்கு. பண்ணைக்கு வெளியாள் ஆடிட்டர் வந்து பார்ப்பார். பண்ணையில் இருந்து கடைசி வரைக்கும் சரக்கு கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஸ்கோப் சர்டிபிகேட், அதாவது அந்தக் கம்பெனி விதிப்படி நடக்குது என்ற சான்று, வேணும், ஒவ்வொரு விற்பனைக்கும் டி.சி. என்று ஒரு பரிவர்த்தனைச் சான்று ஓடும். நாங்க ஆர்கானிக் பருத்திக்குச் செய்கிற அதே தலைவலிதான். ஒரு டி.சி. வராம கன்டெய்னர் நின்ற கதை எல்லாம் எங்கிட்ட நிறைய இருக்கு, அதை இன்னொரு நாள் சொல்றேன்.

இதை நம்பலாமா என்றால், பாதி நம்பலாமுங்க. காகிதம் உண்மையாக வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கு, எந்த நூல் எந்தப் பண்ணைத் தொகுப்பில் இருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கலாம், முன்னாடி அது முடியவே முடியாது, எல்லார் முடியும் ஏலத்தில் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆனா ஆடிட் என்பது ஒரு நாள் வருகிற விருந்தாளி. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆடிட்டர் வர்ற அன்னிக்குக் காலையில் கட்டிங் மாஸ்டருக்கு இரும்புக் கையுறை பீரோவில் இருந்து வெளியே வரும், சாயங்காலம் திரும்ப உள்ளே போகும். காரூவில் மட்டும் மனுசன் வேறயா. கத்தரிப்பு என்பது வருசத்தில் ரெண்டு முறை, சில நாள். அந்த நாளில் ஆடிட்டர் நிற்கிறாரா, அதுதான் கேள்வி. ஆறு மாசம் மேய்ச்சலில் நிற்கிற ஆட்டைப் பார்த்தா எல்லா ஆடும் சந்தோசமாத்தான் இருக்கும்.

கொடிமல்லி அக்காவுக்கு ஒரு குறிப்பு. உங்க நூல் லேபிளில் ஆர்.எம்.எஸ். இல்லை என்பதால் அது கெட்ட பண்ணை என்று அர்த்தம் இல்லை. மில் வரைக்கும் சான்று இருந்தாலும், அதை வாங்கி வீட்டிலேயே சாயம் போட்டு விற்கிற சின்னவங்க தனியாகச் சான்று எடுத்திருக்க மாட்டாங்க, அதனால் அந்த முத்திரையைப் போட முடியாது. 2020க்கு முந்தின சரக்கு என்றால் முத்திரைக்கு வாய்ப்பே இல்லை. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். "எத்திக்கல்" என்று மட்டும் பூப்போட்டு எழுதியிருந்தா அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

வெயில்நிலம்

நான் கால்நடை ஊட்டச்சத்து படித்தவள். டெக்சாஸில் சான் ஆஞ்சலோ பக்கம் இரண்டு வருடம் இருந்தேன், அது அமெரிக்காவின் மொஹேர் பூமி. இந்த உரையாடலில் எல்லோரும் கத்தரிக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் அங்கோரா ஆட்டுக்குப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு வரும் நான்கு வாரம்.

இந்த ஆட்டுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. தின்பதெல்லாம் முடிக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான வருடம் "இன்னும் முடி, இன்னும் மெல்லிய முடி" என்று தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விலை இது. முடி இருக்கும்வரை சமாளிக்கும். கத்தரித்த பிறகு மழையும் காற்றும் குளிரும் ஒன்றாக வந்தால் ஒரே இரவில் மந்தையில் ஒரு பகுதி காலையில் எழுந்திருக்காது. வெறும் குளிர் மட்டும் என்றால் தாங்கும், நனைந்தால்தான் போச்சு. உறைபனி கூட வேண்டாம், நமக்கு ஒரு மேல்சட்டை போதும் என்கிற அளவு குளிரிலேயே செத்துப்போகும். தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் இதைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். உடம்புக்கு நெருக்கடி வரும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்ற வேண்டும், அங்குள்ள அங்கோரா ஆடுகளில் அது போதிய அளவு சுரப்பதில்லை, அதற்கு ஒரு மரபணுக் காரணமும் கண்டுபிடித்தார்கள். அதாவது குளிரில் சாவது வானிலையின் குற்றம் மட்டும் இல்லை, நாம் வளர்த்தெடுத்த உடம்பின் குற்றமும்தான். இதே இனத்தில் சினை கலைவதும் அதிகம், தீவனம் குறைந்தாலோ, நாய் விரட்டினாலோ தாய் குட்டியைக் கைவிட்டுவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டெக்சாஸில் சிலர் முதுகுத்தண்டு நெடுக நான்கு விரல் அகலத்துக்கு முடியை விட்டுவிட்டுக் கத்தரிப்பார்கள், மழைத்தண்ணீர் முதுகில் இறங்காமல் இருக்க. சிலர் கத்தியின் சீப்பை உயர்த்திவைத்து ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் அடிமுடி விடுவார்கள். கொட்டகை பக்கத்தில் இருக்க வேண்டும், கத்தரிப்பதற்கு முன்பே கூடுதல் தீவனம் தொடங்க வேண்டும். எல்லாமே செலவு. முதுகில் விட்ட முடி என்பது விற்காத முடி. ஓவர்லாக் சொன்னதைத்தான் நானும் வேறு இடத்தில் நின்று சொல்கிறேன்.

கரிசல் அண்ணா, செம்மறியைப் பின்புறத்தில் உட்காரவைத்தால் பொம்மை மாதிரி அடங்கிவிடும், வெள்ளாடு அடங்காது, அது உங்களுக்கே தெரியும். டெக்சாஸில் காலைக் கட்டிப்போட்டுக் கத்தரிப்பதை நானே பார்த்திருக்கிறேன். கழுத்திலும் அடிவயிற்றிலும் தோல் மடிப்பு, மெல்லிய தோல், மடிக்காம்பு வேறு. வேகம் கூடினால் வெட்டு விழாமல் இருக்கவே முடியாது. அந்தச் சிறு வெட்டுகளுக்கு ஸ்பிரே போதும். தைக்கவேண்டிய அளவு வெட்டை வலிநீக்கி இல்லாமல் தைப்பதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

"கிட்" என்ற வார்த்தையையும் கொஞ்சம் கவனியுங்கள். இருப்பதிலேயே மெல்லிய முடி குட்டியின் முதல் இரண்டு கத்தரிப்பில் வருவதுதான், ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று. வயது ஏற ஏற முடி தடிக்கும், பெரிய ஆட்டினுடையது கம்பளத்துக்கும் சோபாத் துணிக்கும் போகும். அக்கா கையில் இருக்கும் அந்தப் புகை மாதிரி நூல், மனிதர் கையைப் பார்த்தே பழகாத ஒரு குட்டியின் முதல் அனுபவம்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் 1954ல் ராணுவச் சீருடைக்குக் கம்பளி வேண்டும் என்று மானியச் சட்டம் போட்டார்கள், அதில் மொஹேரையும் சேர்த்தார்கள். மொஹேரில் எந்தச் சிப்பாய் சீருடை போட்டான் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது வருடம் ஓடி 1995ல்தான் நின்றது, நின்றதும் டெக்சாஸில் மந்தைகள் சரிந்தன. அங்கே ஒரு கிழவர் என்னிடம் சொன்னது, "ஆட்டை வளர்த்தது நாங்கள் இல்லை, வாஷிங்டன்."

பச்சையம்

எல்லாம் நன்றாக எழுதுகிறீர்கள். முதுகில் நான்கு விரல் முடி, சீப்பை உயர்த்தலாம், ஆடிட்டர் எந்த நாளில் வரலாம். ஆட்டைக் கேட்டால் என்ன சொல்லும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடி தடித்ததும் அந்த ஆடு எங்கே போகிறது? கசாப்புக்கு. எந்தச் சான்றிதழ் வந்தாலும் முடிவு அதுதான். கனடாவில் குளிர் என்றால் சூடான துணிக்கு வேறு வழியே இல்லையா? எனக்கு இதில் குழப்பமே இல்லை, வாங்காதீர்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு 18 வயதில் புரிந்தது இங்கே பெரியவர்களுக்குப் புரியவில்லை.

கரிசல்காடு

தம்பி, நீங்கள் கறி தின்னாதவர் என்றால் உங்கள் வாதம் நேரானது, அதை மதிக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை மொஹேருக்கு அழுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

பச்சையம்

நான் பால் கூடக் குடிப்பதில்லை அண்ணா. தேநீர் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அதனாலேயே ஒரு சண்டை.

இழையெடுப்பு

பச்சையம், உங்கள் நிலை தெளிவானது, எனக்குத்தான் அந்தத் தெளிவு வரவில்லை. இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, மாற்றாக என்ன வாங்குகிறோம் என்பது. கடைகள் மொஹேரை விட்டபோது மொஹேர் மாதிரித் தோற்றத்தை விடவில்லை. அந்தப் புசுபுசு சுவெட்டர் இன்றும் தொங்குகிறது, லேபிளைத் திருப்பினால் அக்ரிலிக், பாலியமைடு. பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை, ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் விடும், இரண்டு குளிர்காலத்தில் உருண்டை கட்டிக் குப்பைக்குப் போகும். பின்னுகிறவர்கள் பலர் அல்பாகாவுக்கு மாறினோம், நானும் மாறினேன், இது கருணையான நூல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2020ல் பெருவிலிருந்து அல்பாகாவைக் கட்டிப்போட்டுக் கத்தரிக்கும் வீடியோ வந்தது. அன்றைக்குப் பாதி பின்னிய தொப்பியோடு நான் உட்கார்ந்திருந்தது இன்றைக்கு அக்கா உட்கார்ந்திருப்பது மாதிரிதான்.

இரண்டு, யார் வயிற்றில் அடிக்கிறோம் என்பது. தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்தபடி மொஹேர் வருவது லெசோதோவிலிருந்து. நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு. அங்கே பெரிய பண்ணை இல்லை, ஒரு வீட்டுக்குச் சில ஆடு, போர்வையைப் போர்த்திக்கொண்டு மலையில் மேய்க்கும் பையன்கள். 2018ல் அந்த அரசாங்கம் கம்பளியையும் மொஹேரையும் பழையபடி தென்னாப்பிரிக்க ஏலத்துக்கு அனுப்பக் கூடாது, உள்நாட்டிலேயேதான் விற்க வேண்டும் என்று விதி போட்டது. பணம் கைக்கு வராமல் இழுத்ததும் 2019ல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தலைநகர் மாசேருவின் தெருவில் இறங்கினார்கள். முடி விற்று வரும் அந்தக் காசில்தான் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிறார்கள். காரூவில் ஒரு பெரிய பண்ணையில் ஒருவன் ஆட்டை எறிந்ததற்கு லண்டனில் ஒரு கடை மொஹேரையே நிறுத்தினால், நூலின் விலை விழும்போது முதலில் அடி வாங்குவது எறிந்தவன் இல்லை.

பச்சையம்

எல்லா விலங்குத் தொழிலுக்கும் இந்த ஏழையைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்தப் பையனின் பள்ளிக் கட்டணத்தை ஆட்டின் முதுகில்தான் ஏற்ற வேண்டுமா? ஆனால் அக்ரிலிக் பற்றிச் சொன்னது சரி, அதை நானும் வாங்குவதில்லை. நான் போட்டிருப்பதெல்லாம் பழைய துணிக் கடையில் எடுத்தது. சிரிக்காதீர்கள், அதில் ஒரு கம்பளிக் கோட்டும் இருக்கிறது, எனக்கு முன்பே யாரோ காசு கொடுத்துவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஓவர்லாக்

நீங்க சொல்ற அந்தச் சமாதானத்தை ஜாரா ஏற்கெனவே செஞ்சாச்சுங்க. முயல் முடிப் பிரச்சினை வந்தப்போ கையிருப்பில் நின்ற அங்கோரா துணி 20,000க்கு மேல, 2015ல் லெபனானில் இருந்த சிரிய அகதிகளுக்குக் கொடுத்துட்டாங்க. எரிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அதில் ஒரு உறுத்தல் இருக்குங்க, நமக்குப் பாவமான துணி குளிரில் நடுங்குகிறவனுக்குப் பரவாயில்லையா என்று. சரி, நடுங்குகிறவன் அப்படி யோசிக்க மாட்டான்.

இன்னொன்று. கடை முழுசா விலகிட்டா சான்றிதழ் கேட்கிறவன் யார்? பெரிய பையர் நின்று கேட்டாத்தான் பண்ணைக்காரன் கத்தரிக்கிறவனுக்கு நாள் சம்பளம் தருவான். எங்க ஊரில் மாறினது எல்லாமே அப்படி மாறினதுதான், நல்ல மனசால் ஒரு எக்ஸிட் கதவு கூடத் திறந்ததில்லை. பையர் கேட்டான், திறந்தாங்க.

வெயில்நிலம்

ஓவர்லாக் சொல்வதில் நான் பாதிதான் உடன்படுவேன். 2018ல் கடைகள் விலகுவோம் என்று சொல்லியிருக்காவிட்டால் 2020ல் அந்தச் சான்றிதழே வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். விலகுவோம் என்ற பயம் முதலில் வர வேண்டும். ஆஸ்திரேலிய மெரினோவைப் பாருங்கள், ஈப்புழு பிடிக்காமல் இருக்கக் குட்டியின் பின்பக்கத் தோலைச் சீவி எடுக்கும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது, பக்கத்து நாடான நியூசிலாந்து 2018லேயே தடை செய்துவிட்டது. கொடிமல்லி அக்கா, கோபப்படாதீர்கள், மொஹேரோடு நீங்கள் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த இன்னொரு இழை, மெரினோ, அது எந்த ஊர் என்று லேபிளைப் பார்த்தீர்களா?

கொடிமல்லி (ஸ்கார்பரோ)

ஐயோ வெயில்நிலம், இருந்த ஒரு இழையையும் பறித்துவிட்டீர்கள். எடுத்துப் பார்த்தேன். மெரினோ உருண்டையில் "பெருவில் நூற்றது" என்றுதான் இருக்கிறது, ஆடு எந்த ஊர் என்று இல்லை. மொஹேர் உருண்டையில் அதுவும் இல்லை. கடையும் மூடிவிட்டது, கேட்க ஆள் இல்லை. நூல் கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டேன், இரண்டு நாளில் பதில் வந்தது, மூன்று பந்தி, மிக அழகான ஆங்கிலம், என் கேள்விக்குப் பதில் மட்டும் அதில் இல்லை.

கரிசல்காடு தம்பி சொன்னபடி சத்தத்தை அணைத்துவிட்டு ஒருக்கால் பார்த்தேன். அந்தக் கைகளைப் பார்த்தேன். பிறகு பெறாமகளைக் கூப்பிட்டு நீங்கள் எல்லோரும் எழுதியதை வாசித்துக் காட்டினேன், அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. பீஸ் ரேட் பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். தான் வேலை செய்த ஒரு பண்டகசாலையில் ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு வைத்தார்களாம், அவசரத்தில் "உடையும் பொருள்" என்று ஒட்டிய பெட்டிகளை அவளே எறிந்திருக்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

முடிவு இதுதான். அவள் போட மாட்டாள், அதில் மாற்றம் இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. இனிமேல் புதிதாக மொஹேர் வாங்குவதாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, பதில் வந்தால்தான் வாங்குவேன், இங்கே ஒன்றாரியோவிலேயே சிலர் பத்துப் பன்னிரண்டு ஆடு வைத்துத் தாங்களே கத்தரிக்கிறார்கள் என்று பின்னல் குழுவில் ஒருவர் சொன்னார், விலை இரண்டு மடங்கு, அதனால் வருடத்துக்கு ஒரு கழுத்துத்துணிதான் பின்ன முடியும். கையில் இருப்பதை எறிய எனக்கு மனம் வரவில்லை. சுவெட்டரை எனக்கு அளவாக மாற்றிப் பின்னப் போகிறேன். பச்சையம் தம்பி திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு அளவு என்றால் முதுகுப் பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும், அவள் ஒல்லி. பத்து வரி பிரிப்பதற்குள் மொஹேர் மயிரெல்லாம் ஒன்றோடொன்று பின்னி அசையவே மாட்டேன் என்கிறது. இழுத்தால் அறுகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

இழையெடுப்பு

பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள் அக்கா. குளிர்ந்தால் மயிர் கொஞ்சம் விறைத்து ஒட்டுவது குறையும். வெளியே எடுத்த கையோடு பிரிக்க வேண்டும், சூடு ஏறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும், அப்போது திரும்ப உள்ளே. இழுக்காதீர்கள், சிக்கும் இடத்தில் இரண்டு வரியையும் விரலால் மெல்ல விலக்குங்கள், இருந்தும் வராவிட்டால் சின்னக் கத்தரியால் அந்த மயிரை மட்டும் வெட்டுங்கள், நடு இழையைத் தொடாமல்.

பச்சையம்

திட்டவில்லை அக்கா. ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாசனை ஏறும்.